மாமாவின் இடது காது

என் மாமாவுக்கு இடது காது கேட்காது என்கிற விஷயம் உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருத்தி நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்னொருவர் மாமா. அவருக்கும் நான் சொல்லித்தான் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே குடியிருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பாலோஅப் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேலையைப் புரியவைப்பது கஷ்டம். துணி ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் சாயம் ஏறும், இன்னோரிடத்தில் தையலாகும், எங்கேயோ ஒரு கிராமத்தில் பட்டன் வைப்பார்கள். இப்போது அது எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று தேடிப்போய், "ஏனுங்க, இன்னும் ஆகலீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதற்குத்தான் மாமாவுக்குச் சம்பளம். ஒரு நாளைக்கு மூலனூர் வரைக்கும்கூடப் போய் வருவார். பன்னிரண்டு வருஷமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்ததைவிட வண்டியில் உட்கார்ந்ததுதான் அதிகம்.

அந்த வண்டியின் சத்தம் ஊருக்கே தெரியும். வாங்கிய மூன்றாம் மாதமே கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் நால்ரோட்டைத் தாண்டும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து வரும். போலீஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏறும். இடது காதில் எந்நேரமும் போன் ஒயர். கம்பெனியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்காது, அதனால் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருப்பார். போன் வராத நேரத்தில் அதே சத்தத்தில் பாட்டு.

சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "காதுக்குள்ள ஒரு பூச்சி கீன்னு கத்துது அக்கா. தூங்கி எந்திரிச்சாப் போயிரும்" என்பார். முதலில் போய்க்கொண்டுதான் இருந்தது. அப்புறம் காலையிலும் கத்தியது. அம்மா வெள்ளைப்பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டாள். பூச்சி சாகவில்லை. வீடு முழுக்க ஊறுகாய் வாசனை அடித்ததுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு மண் ரோட்டிலிருந்து கம்பெனி வேன் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. விடாமல் அடித்தது. மாமா திரும்பவே இல்லை. வேன்காரரும், இவர்தான் ஆரனைக் கேட்டு நிற்பாரே என்று நிற்காமல் வந்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தியபோதுதான் அவர் பிரேக்கை மிதித்தார். வேன் எங்கள் முன் சக்கரத்தை உரசாத குறையாகப் போயிற்று. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "காதென்ன செவிடாய்யா?" என்று கேட்டார்.

மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆரன் அடிச்சானா, அம்மிணி?"

"எவ்வளவு நேரமா அடிச்சாங்க மாமா!"

அவர் ஒயரைப் பிடுங்கினார். வலது காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு குனிந்து, "இந்தக் காதுல ஏதாச்சும் சொல்லு" என்றார். எனக்குச் சட்டென்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. கணக்குப் பரீட்சையில் பதினோரு மார்க் வாங்கியதை வீட்டில் மறைத்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். "சொல்லு, சொல்லு" என்றார் மாமா. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "அட, சொல்லு சாமி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது லேசில்லை. நான்கு ஜாதகம் வந்து நான்கும் திரும்பிப் போயிருந்தன. ஒரு வீட்டில் தோட்டம் இல்லையென்றார்கள், ஒரு வீட்டில் பாலோஅப் ஒரு வேலையா என்றார்கள். இந்த நிலைமையில் காதும் கேட்காது என்று தெரிந்தால் தரகர்கூட வாசலை மிதிக்க மாட்டார் என்று மாமா அந்த ரோட்டோரத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். பெட்ரோல் டாங்கின் மேல் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். டாங்க் சுட்டது. கையை எடுக்காமல் சத்தியம் செய்தேன்.

அன்றிலிருந்து எட்டு மாதம் அந்த ரகசியத்தை நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். யாராவது மாமாவை இடது பக்கமிருந்து கூப்பிட்டால் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், "மாமன் மேல என்ன பாசம் பாரு" என்பார்கள். நிஜத்தில் பாதி பாசம், பாதி பயம்.

ஐந்தாவது ஜாதகம் பல்லடம் பக்கத்திலிருந்து வந்தது. பெண் திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஆடிட் செக்சனில் வேலை பார்க்கிறாள், வேனில் போய் வருகிறாள் என்றார்கள். போட்டோவைப் பார்த்த அன்று மாமா சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டார். பெண் பார்க்கப் போகும் நாள் குறித்ததும் சிரிப்புப் போய்விட்டது. என்னைத் தனியாக வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

திட்டம் சுலபமானது. எங்கள் ஊரில் மரியாதைக்காரர்கள் எந்தப் பேச்சையும் கேள்வியாகத்தான் கேட்பார்கள். அதற்கு "ஆமாங்க" என்றோ "இல்லீங்க" என்றோ சொன்னால் போதும், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். புது இடத்தில், அதுவும் மாமனாராகப் போகிறவரிடம், "என்னங்க? என்னங்க?" என்று மூன்று தடவை கேட்டால்தான் வம்பு. ஆகவே நான் மாமாவின் இடது பக்கம் உட்கார்ந்து அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஆமாங்க. இரண்டு முறை என்றால் இல்லீங்க. ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் மாமா என் விரல் கணக்கில் பதில் சொன்னார். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பரீட்சையில்தான் பதினொன்று, இதில் நான் நூற்றுக்கு நூறு.

அன்றைக்கு அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் காரில் போனார்கள். இடம் போதவில்லையென்று மாமா வண்டியில் வந்தார், நான் அவரோடு. முக்கால் மணி நேர ஓட்டம். நேரமாகிவிட்டதென்று விரட்டினார். போய் இறங்கியபோது என் காதும் அடைத்துக்கொண்டு கீ என்றது. எனக்கு அது புதிதில்லை. நீண்ட தூரம் போனால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் மாமாவின் முகம் வெளுத்தது. வீட்டை ஒட்டியே தறி குடோன். எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமைக்குள் துணியை இறக்க வேண்டும், அதனால் நிறுத்த முடியவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று பெண்ணின் அப்பா கும்பிட்டார். அதில் பாதியை அவர் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். அவர் வாய் அசைந்தது, சத்தம் அரைகுறையாகத்தான் வெளியே வந்தது. நாற்பது வருஷமாகத் தறிக்குள்ளே இருந்தவர். அந்த இரைச்சலில் கத்தி என்ன ஆகப்போகிறது என்று கத்துவதையே விட்டுவிட்டவர். அந்த வீட்டில் எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். குடோன் கதவு நேர் எதிரே திறந்து கிடந்தது. பெண்ணின் அப்பா எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். மாமாவின் சுண்டுவிரல் என் கைக்குள் வேர்த்து வழுக்கியது.

"வழியில வெயில் சாஸ்திங்களா?"

வெயில் என்று கேட்டது. ஒருமுறை அழுத்தினேன்.

"ஆமாங்க" என்றார் மாமா.

"தண்ணி, சீட்டுன்னு அந்த மாதிரிப் பழக்கம் ஏதாச்சும்..." என்று அவர் இழுத்தார். "பழக்கம்" மட்டும்தான் என் காதில் விழுந்தது. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா? அவர் கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனதைப் பார்த்து இரண்டு முறை அழுத்தினேன்.

"இல்லீங்க, இல்லீங்க" என்றார் மாமா. அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். எனக்கு மூச்சு வந்தது.

பெண் டீத் தட்டோடு வந்தார். மாமா நிமிர்ந்து பார்த்தார், பிறகு டீயைப் பார்த்தார். பெண் தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார். அவருடைய அப்பா ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மாமாவிடம் நீளமாக ஏதோ கேட்டார். பக்கத்தில் ஒரு தறியில் ஏதோ மாட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது. எனக்குக் கேட்டது கடைசியில் கொஞ்சம்தான்: "...வேலைக்குப் போறதுல... இல்லீங்களே?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா விரலை மெல்ல அசைத்தார். அவசரப்படுத்துகிறார். வேலைக்குப் போவது நல்லதுதானே, நல்லதுக்கு ஆமாங்கதானே என்று எனக்குத் தோன்றியது. ஒருமுறை அழுத்தினேன்.

"ஆமாங்க" என்றார் மாமா. ஒரு தடவை சொன்னால் போதாதென்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக, "ஆமாங்க, ஆமாங்க. கண்டிப்பாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெண்ணின் அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா மாமாவைப் பார்த்து விழித்தாள். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். அப்புறம்தான், அம்மா என் பக்கம் குனிந்து, "இவனுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? புள்ள வேலைக்குப் போறதுல சங்கடம் ஒண்ணும் இல்லீங்களேன்னு கேட்டா, ஆமாங்கறான்!" என்று பல்லைக் கடித்தபோது, கேள்வி எந்தப் பக்கமாகத் திரும்பி நின்றது என்று எனக்குப் புரிந்தது. மாமா இன்னும் சிரித்துக்கொண்டேயிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நிலைப்படியில் பெண் இல்லை. பட்டுச்சேலையோடு குடோனுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா அம்மாவைப் பார்த்து, இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே, "செரிங்க. பேசிட்டுச் சொல்லி உடறோமுங்க" என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான்கு வீடுகளிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சம்பந்தம் மாமாவால் போகவில்லை, என்னால் போகிறது. அதை நினைத்ததும் நான் அவர் விரலை விட்டுவிட்டு எழுந்தேன். யாரும் தடுப்பதற்குள் குடோனுக்குள் ஓடினேன்.

உள்ளே சத்தம் காதில் கேட்பதாக இல்லை, நெஞ்சில் இடித்தது. தரை அதிர்ந்தது. பெண், நூல் அறுந்து நின்ற ஒரு தறியின் மேல் குனிந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பினார். அழுதிருக்கவில்லை, கோபமாக இருந்தார். எனக்கு அதுதான் இன்னும் பயமாயிருந்தது.

"அக்கா, மாமாவுக்குக் காது கேக்காதுங்க! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். கையை உயர்த்தி, இரு என்று சைகை காட்டினார். கதவோரம் போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இப்போது சொல்லு என்று தலையை அசைத்தார். இந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? நான் கண்ணை மூடிக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"எங்க மாமாவுக்கு எடது காது கேக்காதுங்க!"

முதல் இரண்டு வார்த்தைக்குள் தறிகள் நின்றுவிட்டன. மீதி மூன்றும் குடோனைத் தாண்டி, முன்கூடத்தைத் தாண்டி, தெரு வரைக்கும் போயின. எங்கள் கார் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

கண்ணைத் திறந்தேன். திறந்த கதவுக்கு வெளியே அம்மா, அப்பா, பெரியப்பா, பெண்ணின் அப்பா எல்லோரும் தெரிந்தார்கள். மாமாவின் சிரிப்பு அப்போதுதான் முகத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் வலது காதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பெட்ரோல் டாங்கின் மேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை நான் ஊரறிய உடைத்துவிட்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அம்மா பதறிக்கொண்டு எழுந்தாள். "புள்ளைக்கு வாய்த்துடுக்குங்க, என்னமோ..."

"இல்லீங்க அக்கா" என்றார் மாமா. எழுந்து நின்றார். "அவ சொல்றது நெசந்தானுங்க. எடது காது சுத்தமாக் கேக்காது. அவதான் எனக்குக் கண்டுபுடிச்சுச் சொன்னா. ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் வாயக் கட்டிப் போட்டிருந்தனுங்க. அவளத் திட்டாதீங்க."

பெண் குடோனைவிட்டு வெளியே வந்தார். மாமாவின் வலது பக்கமாகச் சுற்றிப்போய் நின்றார். "நான் வேலைக்குப் போறதுல உங்களுக்குச் சங்கடமுங்களா?"

"எனக்கா? இல்லீங்களே! ஆருங்க அப்படிச் சொன்னது?"

"நீங்கதானுங்க. இப்பத்தான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெண்ணின் அப்பா மட்டும் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே, "தறிக்காரனுக்குக் காது போனா ஒருத்தரும் கேக்கறதில்லீங்க. மாப்பிள்ளைக்குப் போனாத்தான் கேக்கறாங்க" என்றார். எங்களை அனுப்பும்போது மறுபடியும் அதே பேச்சுத்தான்: பேசிட்டுச் சொல்லி உடறோமுங்க.

திரும்பி வரும்போது அம்மா என்னைக் காரில் ஏறச் சொன்னாள். மாமா வண்டியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அதற்கப்புறம் இருபது நாள் அவர் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எதிரே வந்தால் எழுந்து வெளியே போவார். ராத்திரியில் போர்வைக்குள் அழுவேன். மாமாவுக்குக் கல்யாணமே ஆகாது, அதற்குக் காரணம் நான் என்று உறுதியாக நம்பினேன்.

இருபத்தோராம் நாள் அம்மாவுக்குப் போன் வந்தது. பேசியது அந்தப் பெண்ணேதான். முதலில் காது டாக்டரிடம் காட்டி ரிப்போர்ட்டோடு வரச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றாராம். அம்மா மாமாவைப் பல்லடத்திலிருந்து தாசில்தாரே உத்தரவு போட்டதுபோல விரட்டினாள். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார் என்று என்னையும் கூட அனுப்பினாள். பேசாத மாமாவும் நானும் திருப்பூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். மாமா சத்தம் இல்லாதபோதும் அமுக்கினார். டாக்டரம்மா கண்ணாடியைத் தட்டி, "கேட்டா மட்டும் அமுக்குங்க. மிஷினுக்கெல்லாம் மரியாதை வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். காகிதத்தில் வலது காதின் கோடு கொஞ்சம் சரிந்திருந்தது. இடது காதின் கோடு கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.

சைலன்சரை மட்டும் டாக்டரம்மா குற்றம் சொல்லவில்லை. வேகமாகப் போகும்போது காதோரம் அடிக்கும் காற்றே போதும், மணிக்கணக்கில் அடித்தால் உள்ளே நரம்பு செத்துப்போகும் என்றார். அந்தக் காற்றை ஜெயிக்க அதற்கு மேலே ஒயரில் சத்தம் வைத்தது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினதுபோல என்றார். கீ என்ற பூச்சி முதலில் கத்தியபோதே வந்திருக்க வேண்டுமாம். பூண்டு எண்ணெயைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். போனது இனி வராது, காது மிஷின் வைத்துக்கொள்ளலாம், இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீயும் அந்த வண்டியிலதான் போவியா?" என்று கேட்டார். என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். மாமா வெளியே நின்று, நான் ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

பஸ்ஸில் வரும்போது, "கணக்குல எத்தன மார்க்கு?" என்று கேட்டார். இருபது நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

ரிப்போர்ட்டைக் காட்டி, தை மாதம் அந்தப் பெண்ணோடேயே கல்யாணம் நடந்தது. அத்தை வீட்டுக்கு வந்த முதல் வாரமே பழைய சைலன்சர் பரண்மேலிருந்து இறங்கி வண்டியில் ஏறியது. ஒயர் காணாமல் போயிற்று. போன் வந்தால் வண்டியை ஓரம் கட்டித்தான் பேச வேண்டும். முகம் மூடும் ஹெல்மெட் ஒன்று வந்தது, கண்ணாடியை இறக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. அத்தை வேலை பார்த்த கம்பெனியில் வெளிநாட்டு ஆட்கள் பாதுகாப்பைச் சோதிக்க வரும் ஆடிட் அன்று காலையில் மிஷின் ஹாலில் எல்லோர் காதிலும் சத்தத்தைத் தடுக்கும் ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு அடைப்பான்கள் ஏறும், சாயங்காலம் பெட்டிக்குத் திரும்பிவிடும். அவற்றை எடுத்துக்கொடுத்து எண்ணி வாங்கி வைத்தவர் அத்தை. அதே மாதிரி ஒரு பெட்டியைக் கடையில் வாங்கி மாமாவின் ஹெல்மெட்டுக்குள் வைத்தார். எங்கள் வீட்டில் தினமும் ஆடிட்தான் என்று அப்பா கேலி செய்வார்.

போன மாதம் நான் வேலைக்குப் போக வண்டி வாங்கினேன். அத்தைதான் அடைப்பானை எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தார். விரலுக்கு நடுவே உருட்டி மெல்லிசாக்க வேண்டும், மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே தூக்கிக்கொண்டு உள்ளே செருக வேண்டும், அது விரியும்வரை விரலை எடுக்கக் கூடாது. இரண்டு காதிலும் வைத்ததும் உலகம் தூரமாகப் போயிற்று. அத்தை என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். புரியாமல் கழற்றினேன். "ஆரன் அடிச்சாக் கேக்கும், பயப்படாதேன்னேன்" என்று சிரித்தார்.

"எனக்கு வாயைப் பார்த்தா ஒண்ணுமே புரியறதில்லீங்க அத்தை. அன்னிக்குக் குடோனுக்குள்ள நான் மொதல்ல கத்துனப்ப உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"எதுக்குப் புரியாம? எட்டுத் தறி ஓடற ஊட்டுல பொறந்தவ நான். காது கேக்காதுங்கறது எங்க ஊட்டுல தெனமும் பேசற பேச்சு. மொதத் தடவையே நல்லாப் புரிஞ்சுது."

"பின்ன எதுக்கு என்னைய மறுபடியும் கத்தச் சொல்லி மெயினை எறக்குனீங்க?"

அத்தை பெட்டியின் மூடியைத் திருகி மூடினார். "உன்ற மாமன் என்ன சொல்றாருன்னு எனக்குப் பாக்கோணுமில்ல, கண்ணு. புள்ள பொய் சொல்றான்னு ஒரு வார்த்தை வந்திருந்தா, இன்னொரு டம்ளர் டீ குடுத்து அனுப்பி வெச்சிருப்பேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த இருபது நாளும், போர்வைக்குள் அழுததும் நினைவுக்கு வந்தது. அந்த அமைதியில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஒருவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், திறந்த கதவு வழியாக, மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.